சிசிஎன்பி சுவிட்ச் தேர்வு

சுவிட்ச் தேர்வு என்பது, வலையமைப்புப் பொறியாளர்களுக்காக அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சிசிஎன்பி என்னும் தொழில்முறை நிலைச் சான்றிதழின் ஒரு பகுதியாக 2010 முதல் 2020 வரை நடந்த தேர்வாகும். அதற்கு முன் இதே பாடம் பி.சி.எம்.எஸ்.என். என்ற பெயரில் இருந்தது. 2014-இல் வெளியான 300-115 என்ற எண்ணுடைய பதிப்பே இத்தேர்வின் கடைசிப் பதிப்பு. ரவுட், டிஷூட் என்னும் மற்ற இரு தேர்வுகளோடு இதையும் சேர்த்து மூன்றிலும் தேறியவருக்கே சான்றிதழ் கிடைத்தது. 2020 பிப்ரவரி 24 முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது. என்கோர் எனப்படும் 350-401 மையத் தேர்வு ஒன்று, விருப்பத் தேர்வு ஒன்று என இரண்டில் தேறினால் போதும் என்றானது.

சுவிட்ச் என்ற பெயரில் தனித்தேர்வு இன்று இல்லை. பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. வி-லேன், டிரங்க், ஸ்பானிங் ட்ரீ, ஈதர்சேனல், எச்.எஸ்.ஆர்.பி. ஆகியவை என்கோர் பாடத்திட்டத்தில் வேறு பலவற்றோடு கலந்து வருகின்றன. பழைய தேர்வில் 65 விழுக்காடு இரண்டாம் அடுக்குத் தொழில்நுட்பத்துக்கு என்றும், 20 விழுக்காடு பாதுகாப்புக்கு என்றும், 15 விழுக்காடு துணைச் சேவைகளுக்கு என்றும் ஒதுக்கப்பட்டிருந்தது. என்கோர் வெளியானபோது அதில் உள்கட்டமைப்பு என்ற ஒரே தலைப்புக்கு 30 விழுக்காடு தரப்பட்டது. சுவிட்ச் பாடம் ரவுட்டிங், கம்பியில்லா வலையமைப்பு ஆகியவற்றோடு அந்த முப்பதைப் பங்கு போட்டுக்கொண்டது. இடம் சுருங்கியதால் பாடம் எளிதாகிவிட்டது என்று சிலர் நினைக்கின்றனர். அது சரியன்று. கேள்விகள் குறைந்துள்ளன, கேட்கப்படும் ஆழம் பெரிதாகக் குறையவில்லை.

பாடத்தின் இன்றியமையாமை

அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி என எங்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியே சுவிட்ச். தமிழில் இதை நிலைமாற்றி என்றும் எழுதுவர். தனக்கு வரும் ஒவ்வொரு பிரேமிலும் உள்ள மேக் முகவரியைப் பார்த்து, எந்தப் போர்ட்டின் வழியே அனுப்ப வேண்டுமோ அதன் வழியே மட்டும் அனுப்புவது இதன் வேலை. முகவரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், வந்த வழி தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பிவிடும். இந்த எளிய பழக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஐ.பி. பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறைந்து, பூச்சியமானதும் பாக்கெட் அழிந்துவிடும். ஈதர்நெட் பிரேமில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நடக்கவேண்டும் என்று சுவிட்சுகளுக்கு இடையே இரட்டை வழி போட்டால் வளையம் உண்டாகும். அந்த வளையத்தில் சிக்கிய ஒரு பிராட்காஸ்ட் பிரேம் முடிவில்லாமல் சுற்றும், பெருகும். சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் மூச்சுத் திணறும்.

இதைத் தடுப்பதற்கு 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் வகுத்த வழிமுறையே ஸ்பானிங் ட்ரீ. 1990-இல் இது 802.1டி என்ற தரமாயிற்று. கேபிள்கள் வளையமாக இருந்தாலும், தேவையற்ற போர்ட்டுகளைத் தற்காலிகமாக அடைத்து, கிளை பிரிந்த மரம் போன்ற ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைப்பது இதன் கருத்து.

இந்த வழிமுறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் 2002 நவம்பரில் நடந்ததைச் சொல்வர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனை அது. ஆண்டுக்கணக்காகத் துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்த அதன் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய பரப்பை மீறிப் போயிருந்தது. இயல்பான நேர அளவுகளை வைத்துக்கொண்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அத்தரத்தின் பரிந்துரை. மருத்துவமனையில் ஏறத்தாழ நான்கு நாட்கள் வலையமைப்பு விழுவதும் எழுவதுமாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினர். ஆய்வக முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினர். அப்போது அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் பிற மருத்துவமனைகளுக்கும் எடுத்துச் சொன்னார். தேர்வுக்குப் படிப்பவர் ஸ்பானிங் ட்ரீயை மதிப்பெண்ணுக்கான ஒரு தலைப்பாக மட்டும் பார்க்காமலிருக்க இந்த ஒரு நிகழ்வு போதும்.

ஸ்பானிங் ட்ரீயைப் படிக்கும் முறை

இத்தேர்வில் தோற்றவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. வரையறைகளை மனப்பாடம் செய்வது இங்கே உதவாது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படம் வரைந்து கணக்குப் போடவேண்டும்.

அ, ஆ, இ என மூன்று சுவிட்சுகள் முக்கோணமாக இணைந்துள்ளன என்று கொள்வோம். அ–ஆ கேபிளும் ஆ–இ கேபிளும் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் கொண்டவை. அ–இ கேபிள் 100 மெகாபிட் மட்டுமே. அ என்பதே வேர் சுவிட்ச். பழைய விலைப்பட்டியலின்படி 1 கிகாபிட் கேபிளைக் கடக்க 4, 100 மெகாபிட்டைக் கடக்க 19. இப்போது இ சுவிட்ச் வேரை அடைய எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்? நேர்வழி இருக்கிறதே என்று புதியவர் உடனே அ–இ கேபிளைக் காட்டுவார். அதன் விலை 19. ஆ வழியாகச் சுற்றிப் போனால் 4 கூட்டல் 4, அதாவது 8. ஆகவே ஆ-வை நோக்கிய போர்ட்டே இ-யின் வேர்ப்போர்ட். நேர்வழிப் போர்ட் அடைபட்டுக் கிடக்கும்.

இத்தோடு நிறுத்தக்கூடாது. அ–ஆ கேபிள் அறுந்தால் என்ன நடக்கும் என்று அடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆ சுவிட்சுக்கு வேரை அடைய வேறு வழி தெரியாததால், தானே வேர் என்று இ-யிடம் சொல்லத் தொடங்கும். இ-யிடமோ முன்பு ஆ வழியாகக் கேட்ட நல்ல செய்தி இன்னும் பத்திரமாக இருக்கிறது. எனவே பழைய 802.1டி முறையில் ஆ சொல்லும் தாழ்ந்த செய்தியை இ பொருட்படுத்தாது. பழைய செய்தி காலாவதியாக ஏறக்குறைய 20 நொடி ஆகும். அதன் பின்னரே அடைத்துவைத்த போர்ட்டைத் திறக்க முடிவு செய்யும். அது கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி நிற்கும். ஆக மொத்தம் ஏறத்தாழ 50 நொடி வலையமைப்பின் ஒரு பகுதி ஊமையாகும். 2001-இல் வந்த 802.1டபிள்யூ என்னும் விரைவு முறையில், அடைபட்ட போர்ட் மாற்று வழி என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதாலும், தாழ்ந்த செய்தி வந்ததுமே பழையது கைவிடப்படுவதாலும், இந்த மாற்றம் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 20, 15, 15 என்ற எண்களை உருப்போட்டவருக்கும், அவை எங்கிருந்து வருகின்றன என்று இப்படி நடந்து பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு தேர்வு மேசையில் தெரிந்துவிடும்.

வேர் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும் விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முன்னுரிமை எண் குறைவாக உள்ள சுவிட்சே வேராகும். எல்லாவற்றிலும் 32768 என்ற இயல்பு எண்ணே இருந்தால், மேக் முகவரி சிறியதாக உள்ளது வெல்லும். பழைய கருவிகளுக்குச் சிறிய முகவரி இருப்பது வழக்கம் என்பதால், மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் மிகப் பழைய சுவிட்சே கட்டடம் முழுவதற்கும் அரசனாகிவிடுவதும் உண்டு. வேரை யார் என்று பொறியாளரே அறிவிக்கவேண்டும், தற்செயலுக்கு விடக்கூடாது. முன்னுரிமையை 4096-இன் மடங்குகளாக மட்டுமே மாற்ற முடியும். 16 பிட்டுகளில் கீழ் 12 பிட்டுகளை வி-லேன் எண் எடுத்துக்கொள்வதே காரணம். வி-லேன் 10-இல் முன்னுரிமை 32778 என்று திரையில் தெரிவதும் இதனால்தான். யாரோ எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று குழம்பவேண்டியதில்லை.

போர்ட்ஃபாஸ்ட், பி.பி.டி.யு. கார்டு, ரூட் கார்டு, லூப் கார்டு ஆகிய காவல் முறைகளை ஒன்றாகப் படிப்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தத் தவற்றைப் பிடிக்க வந்தது என்று பிரித்துப் படிப்பது நல்லது. யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் சிறு சுவிட்ச் ஒன்றைச் செருகினால் பிடிப்பது பி.பி.டி.யு. கார்டு. வேறொருவரின் சுவிட்ச் வேராக முயன்றால் மறுப்பது ரூட் கார்டு. செய்தி வரவேண்டிய போர்ட்டில் செய்தி நின்றுபோனால், அதைத் தவறாகத் திறந்துவிடாமல் காப்பது லூப் கார்டு.

வி-லேன், டிரங்க், வி.டி.பி.

ஒரே சுவிட்சைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது வி-லேன். இரு சுவிட்சுகளுக்கு இடையே பல வி-லேன்களைச் சுமந்து செல்லும் இணைப்பு டிரங்க். 802.1கியூ தரப்படி ஒவ்வொரு பிரேமிலும் 4 பைட் அளவுள்ள அடையாளச் சீட்டு செருகப்படும். அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் என்பதால் 4096 எண்கள் கிடைக்கும். 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். நேட்டிவ் வி-லேன் மட்டும் சீட்டு இல்லாமல் போகும். டிரங்கின் இரு முனைகளிலும் இது ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு துறையின் போக்குவரத்து இன்னொரு துறைக்குள் கசியும். தேர்வில் இது அடிக்கடி கேட்கப்படுவதற்குக் காரணம், வேலையிலும் அடிக்கடி நடப்பதே.

வி.டி.பி. என்பது வி-லேன் பட்டியலை ஒரு சுவிட்சிலிருந்து மற்றவற்றுக்குப் பரப்பும் சிஸ்கோவின் நெறிமுறை. பட்டியல் மாறும்போதெல்லாம் திருத்த எண் ஒன்று கூடும். எண் எதற்கு அதிகமோ அதன் பட்டியலையே மற்றவை ஏற்கும். பயிற்சிக்கூடத்தில் நூறு முறை மாற்றி விளையாடிய சுவிட்ச் ஒன்றை, அதே டொமைன் பெயரோடு அலுவலக வலையமைப்பில் டிரங்காக இணைத்தால், அதன் வெறும் பட்டியல் அலுவலகத்தின் பட்டியலை அழித்துவிடும். கிளையன்ட் நிலையில் இருக்கும் சுவிட்சும் இதைச் செய்யும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். இணைக்கும் முன் டிரான்ஸ்பரண்ட் நிலைக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் எண் பூச்சியமாகும். வி-லேன் பட்டியல் தனிக் கோப்பில் இருப்பதால், தொடக்க அமைப்பை மட்டும் அழித்துவிட்டுச் சுவிட்ச் சுத்தமாகிவிட்டது என்று நம்பக்கூடாது. பழைய சுவிட்ச் வாங்கிப் பயில்வோர் முதல் நாளே இதை எதிர்கொள்வர். மூன்றாம் பதிப்பில் முதன்மைச் சர்வர் ஒன்றுக்கே மாற்றும் உரிமை என்று ஆக்கி இந்த ஆபத்தைக் குறைத்தனர்.

ஈதர்சேனலும் நுழைவாயில் காப்பும்

பல கேபிள்களை ஒரே கேபிள்போல் நடத்துவது ஈதர்சேனல். 1990-இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கல்பனா என்னும் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு இது. 1994-இல் அந்நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கிக்கொண்டது. எட்டு 1 கிகாபிட் கேபிள்களைச் சேர்த்தால் ஒரு கணினிக்கு 8 கிகாபிட் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. முகவரிகளை வைத்துக் கணக்கிட்டு, ஒரு உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில்தான் சுவிட்ச் அனுப்பும். பலர் பேசும்போதுதான் பலன் பகிரப்படும். எல்.ஏ.சி.பி. முறையில் இருபுறமும் பாசிவ் என்று வைத்தால் இருவரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கச் சேனல் உருவாகாது. ஒரு புறமாவது ஆக்டிவ் ஆக இருக்கவேண்டும்.

எச்.எஸ்.ஆர்.பி. என்பது இரண்டு கருவிகள் ஒரே நுழைவாயில் முகவரியைத் தாங்கிநின்று, ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும் முறை. 3 நொடிக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். 10 நொடி செய்தி வராவிட்டால் அடுத்தது எழும். விழுந்த முதல் கருவி திரும்பி வந்தால் தானாகப் பொறுப்பை மீட்டுக்கொள்ளாது. பிரீஎம்ப்ட் கட்டளை கொடுத்திருக்க வேண்டும். வி.ஆர்.ஆர்.பி.-இல் இது இயல்பாகவே உண்டு. இங்கே நினைவில் வைக்கவேண்டியது, ஸ்பானிங் ட்ரீயின் வேரும் எச்.எஸ்.ஆர்.பி.-இன் முதன்மைக் கருவியும் ஒரே சுவிட்சாக இருப்பது நலம் என்பதே. இல்லாவிட்டால் பிரேம் முதலில் வேருக்குப் போய், அங்கிருந்து நுழைவாயிலைத் தேடி இன்னொரு சுவிட்சுக்குப் போகும். எதுவும் கெட்டுப்போகாது, ஆனால் போக்குவரத்து வீணாகச் சுற்றும். இரு தலைப்புகளையும் வெவ்வேறு அதிகாரங்களில் படித்து, சேர்த்துப் பார்க்காதவர் இதைக் கவனிப்பதில்லை.

பாதுகாப்புப் பகுதியில் படிக்கும் வரிசை முக்கியம். டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் எந்தக் கணினிக்கு எந்த முகவரி தரப்பட்டது என்று ஓர் அட்டவணை எழுதிவைக்கிறது. ஏ.ஆர்.பி. ஆய்வும் ஐ.பி. சோர்ஸ் கார்டும் அந்த அட்டவணையைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. எனவே முதலாவதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டையும் படித்துப் பயனில்லை. சர்வர் இருக்கும் பக்கத்துப் போர்ட்டை நம்பத்தக்கது என்று அறிவிக்க மறந்தால் ஒரு கணினிக்கும் முகவரி கிடைக்காது.

பயிற்சிக்கூடம்

கையால் கட்டளை இட்டுப் பழகாமல் இத்தேர்வில் தேறுவது கடினம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி மென்பொருள். தொடக்கத்துக்கு நன்று; ஆனால் அது பாவனை மட்டுமே. தொழில்முறை நிலையில் கேட்கப்படும் பல கட்டளைகள் அதில் வேலை செய்யா. ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்ஜி ஆகியவை உண்மையான இயங்குதளத்தையே கணினிக்குள் ஓட்டுபவை. ரவுட்டருக்கு இவை நெடுங்காலமாகப் பயன்பட்டன. கேட்டலிஸ்ட் சுவிட்சின் வேலையை அதற்கெனச் செய்த சில்லுகள் செய்வதால், அதை மென்பொருளில் அப்படியே கொண்டுவர முடியாமல் இருந்தது. அதனால்தான் சுவிட்ச் தேர்வுக்குப் படித்தவர்கள் 3560 போன்ற பழைய சுவிட்சுகளைத் தேடி வாங்கினர். பின்னர் சிஸ்கோ இரண்டாம் அடுக்குக்கான மெய்நிகர் இயங்குதளத்தை வெளியிட்டதும் நிலை மாறியது. அதை முறைப்படி பெறச் சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் என்னும் மென்பொருள் இருக்கிறது. பழைய சுவிட்ச் வாங்குபவர் மூன்றாவது வாங்கவேண்டுமா என்று தயங்குவதுண்டு. இரண்டை வைத்து வளையம் போடலாம். மேலே சொன்ன முக்கோணத்தைப் போட மூன்று வேண்டும். வாங்குவது நல்லது. வீட்டில் அவற்றின் விசிறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கவேண்டும் என்பது வேறு செய்தி.

கூடத்தில் ஒன்றை அமைத்து, வேலை செய்கிறது என்று மகிழ்ந்து மூடிவிடுவது பாதிப் பயிற்சியே. அமைத்ததைக் கெடுக்கவேண்டும். கேபிளைப் பிடுங்கி எத்தனை நொடியில் மீள்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும், நேட்டிவ் வி-லேனை ஒரு புறம் மட்டும் மாற்றி எச்சரிக்கை எந்தச் சொற்களில் வருகிறது என்று படிப்பதும், ஒரு நண்பரைக் கெடுக்கச் சொல்லி எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பதும் மிகுந்த பலன் தரும். ஷோ கட்டளைகளின் விடையை வரிக்கு வரி விளக்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். தேர்வில் வெறும் விடையைக் காட்டிப் பிழை எங்கே என்று கேட்பார்கள்.

நூல்களில் டேவிட் ஹக்கபி எழுதிய 300-115 தேர்வுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டி, தேர்வு போன பிறகும் சுவிட்ச் பாடத்துக்குத் தெளிவான நூலாகவே இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழில் விளக்கம் கேட்டுப் புரிந்துகொள்பவரும் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாய்மொழியில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேள்வியைப் படிப்பவருக்குக் கேள்வியின் திருப்பங்கள் எளிதில் பிடிபடும்.

விடைத் திரட்டுகள்

டம்ப் எனப்படும் திருட்டுக் கேள்வி-விடைத் திரட்டுகள் இத்தேர்வுகளுக்கு நெடுங்காலமாகப் புழங்குகின்றன. தேர்வு எழுதுவோர் கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே அமர்கின்றனர். மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை நீக்கவும், சான்றிதழைப் பறிக்கவும், மீண்டும் எழுதத் தடை விதிக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. திரட்டுகளில் தவறான விடைகளும் நிறைய இருக்கும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் வேலையில் சேர்ந்த பின் வருகிறது. நேர்காணலில் அ, ஆ, இ முக்கோணத்தைப் பலகையில் வரைந்து எந்தப் போர்ட் அடைபடும் என்று கேட்டால், திரட்டு படித்தவரின் சான்றிதழ் அந்த ஒரு கேள்வியில் மதிப்பிழந்துவிடும். அதே துறையில் நேர்மையாகப் படித்தவரின் சான்றிதழையும் சேர்த்தே அது சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

தேர்வு நாள்

பழைய சுவிட்ச் தேர்வுக்கும் இன்றைய என்கோர் தேர்வுக்கும் நேரம் 120 நிமிடம். பியர்சன் வ்யூ நிறுவனத்தின் மையங்களில் கணினியில் நடக்கும். ஒரு கேள்விக்கு விடையளித்து அடுத்ததற்குப் போனபின் திரும்பிவர முடியாது. தெரிந்ததை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் விட்டதைப் பார்க்கலாம் என்று பள்ளித் தேர்வுகளில் பழகியவர்கள் இதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். தெரியாத ஒரு கேள்வியில் பத்து நிமிடம் நின்றுவிட்டால், பின்னால் வரும் கட்டளைப் பயிற்சிக் கேள்விக்கு நேரம் போதாது. அவ்வகைக் கேள்விகளில் முதலில் இருக்கும் அமைப்பைப் பார்த்துவிட்டே மாற்றத் தொடங்கவேண்டும். முடித்ததும் சேமிக்க மறக்கக்கூடாது. தேர்ச்சிக்கான மதிப்பெண் எவ்வளவு என்று முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை.

கட்டணம் சிறிதன்று. புதிய முறை வந்தபோது மையத் தேர்வுக்கு 400 அமெரிக்க டாலர், விருப்பத் தேர்வுக்கு 300 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய தொகை இது. தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதலாம் என்று விதி இருந்தாலும், அது முடிந்ததுமே போய் அமர்வது பெரும்பாலும் வீண் செலவு. மதிப்பெண் அறிக்கையில் பகுதிவாரியாகத் தரப்படும் விழுக்காட்டைப் பார்த்து, குறைந்த பகுதியைக் கூடத்தில் மறுபடி கட்டிப் பார்த்தபின் எழுதுவதே மேல்.

சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். அதற்குள் மையத் தேர்வு ஒன்றை மீண்டும் எழுதித் தேறியோ, தொடர்கல்வி வழியாக 80 புள்ளிகள் சேர்த்தோ புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு சிசிஎன்பி பெறுவதற்குச் சிசிஎன்ஏ சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. 2020 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் ஐ.பி. முகவரிப் பிரிப்பைத் தாளில் போடத் தெரியாதவர் அந்த முதல் படியைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பது நல்லது.